தாத்தாவின் பெட்டியில் கிடைத்த இழைப்புளி: என்ன ரகம், எந்தக் காலம், என்ன பெறும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாத்தாவின் கருவிப் பெட்டியிலிருந்து ஓர் இரும்பு இழைப்புளி வந்திருக்கிறது. நீளம் 9 அங்குலத்துக்குப் பக்கத்தில். முன்குமிழுக்கு முன்னால் 'பெய்லி' என்று புடைப்பெழுத்து, வேறோர் இடத்தில் 'எண் 4'. பிளேடு சாய்ந்திருக்கும் தாங்கிக்குப் பின்னால் மூன்று தேதிகள். முன்குமிழ் குட்டை. பிளேட்டின் தலையில் இதய வடிவ முத்திரை. பின்கைப்பிடியில் கொம்பு போல நீண்ட மேல்முனை உடைந்திருக்கிறது. உடம்பு முழுக்கத் துரு. ஒருவர் "எடைக்குத்தான் போகும்" என்கிறார், இன்னொருவர் "நூறு வருஷத்துப் பொருள், விட்டுவிடாதே, பெரிய தொகை கிடைக்கும்" என்கிறார். துருவை எடுத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு விற்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அதற்குள் போகும் முன் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில்: இப்போதைக்குத் துருவைத் தொடாதீர்கள். கம்பித் தூரிகை, மணல்தாள், டிரில்லில் மாட்டும் உருளை எதுவும் வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மர இழைப்புளி கைக்கு வந்தது. முன்முகம் முழுக்கக் கறுத்த அழுக்கு. உட்கார்ந்து மணல்தாளால் தேய்த்தேன். அழுக்கு போனது. கூடவே ஒரு எழுத்தின் பாதி வளைவு தெரிந்து, நான் கையை நிறுத்துவதற்குள் அதுவும் போனது. மர இழைப்புளிகளில் செய்தவர் பெயரை முன்முகத்தில்தான் அடித்திருப்பார்கள். அந்தக் கருவிக்கு இருந்த ஒரே அடையாளச் சீட்டை நானே கிழித்துப் போட்டேன். அது யார் செய்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

முதலில் படிக்க வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கருவியின் மேல் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் துருவாகத் தெரிந்த இடத்தில் எழுத்தின் நிழல் எழும்பும். புடைப்பெழுத்துகளுக்கு மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து தாளில் பதிந்துவிடும். இடுக்குகளில் இறுகிக் கிடக்கும் மரத்தூளைக் குச்சியால் கிளறி எடுங்கள், உலோக முனை வேண்டாம். பிளேட்டின் தலையில் உள்ள முத்திரையைத் துளி எண்ணெய் தடவிப் பழந்துணியால் துடைத்தால் போதும். அந்த முத்திரை காகிதத் தடிமன் ஆழம்கூட இருக்காது. நான்கு உரசலில் காணாமல் போகும்.

இப்போது உங்கள் பொருளுக்கு வருவோம். பெய்லி என்றால் லெனார்ட் பெய்லி. அமெரிக்காவின் பாஸ்டனில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இரும்பு இழைப்புளிக்கு இன்றும் மாறாத வடிவத்தைக் கொடுத்தவர். பிளேட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றி இறக்கிய காலத்தில், பின்னால் ஒரு மரைச் சக்கரத்தைத் திருகினாலே பிளேடு இறங்கும்படி செய்தார். அவருடைய காப்புரிமைகளை 1869-ல் கனெக்டிகட் மாநிலம் நியூ பிரிட்டனில் இருந்த ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி வாங்கியது. அதனால் உடம்பில் பெய்லி என்று இருந்தாலும் செய்தது ஸ்டான்லி. இதைத் தெரியாமல் பெய்லி என்ற கம்பெனியைத் தேடி அலைந்தவர்கள் நிறைய.

எண் 4 என்பது அளவைக் குறிக்கிறது, வயதையோ தரத்தையோ அல்ல. இந்த வரிசையில் 1-லிருந்து 8 வரை எண்கள், நடுவே 4½, 5½ போன்ற அரைகளும் உண்டு. எண் 3 சுமார் 8 அங்குலம், எண் 4 சுமார் 9, எண் 5 சுமார் 14, எண் 7 சுமார் 22, எண் 8 சுமார் 24 அங்குலம். குட்டையானவை கடைசி மெருகுக்கு, நீளமானவை பலகையின் ஓரத்தை நேராக்க. 4-ம் 5-ம் தச்சர் ஒவ்வொருவரிடமும் இருந்தவை. எவ்வளவு செய்திருப்பார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம். விலை பேசும்போது இந்த ஒரு விஷயம்தான் எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்கும்.

காலத்தைக் கணிப்பதுதான் இதில் சுவையான பகுதி. நீங்கள் எழுதி அனுப்பிய மூன்று தேதிகள்: மார்ச் 25, 02, ஆகஸ்ட் 19, 02, ஏப்ரல் 19, 10. இவை 1902, 1910-ஆம் ஆண்டுகளின் காப்புரிமைத் தேதிகள். தயாரித்த தேதி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், கிடையாது. கடைசித் தேதி நமக்கு ஒரு கீழ்வரம்பைத் தருகிறது: 1910 ஏப்ரலுக்கு முன் இந்த வார்ப்பு இருந்திருக்க முடியாது. மேல்வரம்பு? அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் காப்புரிமைக்கு ஆயுள் 17 ஆண்டு. 1902-ஓடு 17-ஐக் கூட்டினால் 1919. அந்தக் காலத்தில்தான் 1902-ன் இரண்டு தேதிகளும் வார்ப்பிலிருந்து நீங்கி, 1910-ன் தேதி மட்டும் தனியாக நிற்கத் தொடங்குகிறது. ஆக, மூன்று தேதியும் சேர்ந்திருக்கும் உடம்பு ஏறக்குறைய 1910-க்கும் 1918-க்கும் இடைப்பட்டது. முதல் உலகப்போர்க் காலத்துப் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சாட்சியை நம்பி முடிவு கட்டக் கூடாது என்பதால் மற்ற உறுப்புகளையும் விசாரிப்போம். குட்டையான முன்குமிழ் இந்தக் காலத்தோடு ஒத்துப்போகிறது. 1919 வாக்கில் உயரமான குமிழ் வந்துவிட்டது. பின்னால் உள்ள பித்தளை மரைச் சக்கரத்தின் குறுக்களவை அளந்து பாருங்கள். 1 அங்குலம் என்றால் பொருந்தும். 1¼ அங்குலம் என்றால் அது பிந்திய காலத்துச் சக்கரம். அந்தச் சக்கரத்துக்குக் கீழே, தாங்கியை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு சிறு திருகு இருக்க வேண்டும்; அது 1907-லிருந்து வந்தது. பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் லீவர் கேப்பில் எழுத்து எதுவும் இல்லாமல், திருகு நுழையும் துளை சாவித்துவாரம் போல இருந்தால் சரி. ஸ்டான்லி என்ற பெயர் அதில் புடைப்பாக வருவது 1920-களின் நடுவில். துளை சிறுநீரக வடிவத்துக்கு மாறுவது 1933-ல்.

பிளேடுதான் உங்கள் கதையில் திருப்பம். இதயத்துக்குள் எஸ்-டபிள்யூ என்ற இரண்டு எழுத்து இருக்கும், பாருங்கள். ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல், ஸ்டான்லி ஒர்க்ஸ் என்ற இன்னொரு கம்பெனியோடு 1920-ல் இணைந்தது. எஸ்-டபிள்யூ என்பது ஸ்டான்லி ஒர்க்ஸின் பெயர்ச் சுருக்கம். இதய வடிவம், ஸ்டான்லி ஒர்க்ஸை நெடுங்காலம் நடத்திய வில்லியம் ஹார்ட்டின் பெயருக்கான மரியாதை. ஹார்ட் என்றால் ஆங்கிலக் காதுக்கு இதயம்தானே. 1920-களிலிருந்து 1930-களின் நடுப்பகுதி வரை இந்த முத்திரை. அப்படியானால் 1918-க்குள் செய்த உடம்பில் 1920-க்குப் பிந்திய பிளேடு உட்கார்ந்திருக்கிறது.

இதை மோசடி என்று நினைக்க வேண்டாம். பிளேடு தேய்கிற பொருள். தினமும் வேலை செய்யும் ஆள் சாணை பிடித்துப் பிடித்து ஒரு பிளேட்டைத் தீர்த்துவிட்டு அடுத்ததை வாங்கிப் போடுவார். உங்கள் பிளேட்டில் உள்ள நீளத் துளையின் கீழ்முனையிலிருந்து வெட்டும் முனை வரை எவ்வளவு எஃகு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது பிளேடும் பாதி தேய்ந்திருந்தால், இந்தக் கருவி பெட்டியில் தூங்கியதைவிட பலகையில் ஓடியதுதான் அதிகம். சேகரிப்பவருக்கு இது குறை. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை, ஆனால் விலை என் ரசனையைக் கேட்டு அமைவதில்லை.

ஓர் எச்சரிக்கை. சேகரிப்பவர்கள் இந்த இழைப்புளிகளை 1 முதல் 20 வரை வகை பிரித்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். உங்களுடையது அதில் 11-ஆம் வகை. இந்த எண் கம்பெனி வைத்தது இல்லை. பின்னால் வந்தவர்கள் கையில் கிடைத்ததை வைத்து வகுத்தது. தொழிற்சாலையில் பழைய உறுப்பு தீரும்வரை அதைப் போட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள். எனவே எல்லைக் காலத்துக் கருவியில் முந்தின வகைக் குமிழும் அடுத்த வகைச் சக்கரமும் சேர்ந்திருந்தால் யாரோ கலந்தார்கள் என்று அர்த்தமில்லை. பத்து இருபது வருடம் தள்ளிப்போகும் முரண்தான் கலப்பை உறுதியாகக் காட்டும். இன்னொன்று, இந்த அட்டவணை அமெரிக்காவில் செய்தவற்றுக்கு மட்டும். 1930-களின் பின்பாதியிலிருந்து ஸ்டான்லி இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் செய்தது. உடம்பில் 'மேட் இன் இங்கிலாண்ட்' என்று இருந்தால் அட்டவணையை மூடி வையுங்கள். அதே ஊரின் ரெக்கார்ட் கம்பெனி செய்த நீல வண்ண இழைப்புளியில் எண்ணுக்கு முன் ஒரு சுழியம் இருக்கும், 04, 05 என்று.

பெட்டியில் வேறு கருவிகளும் இருக்கக்கூடும் என்பதால் ரம்பத்தைப் பற்றி ஒரு சொல். கைப்பிடியில் காசு போல ஒரு பித்தளைப் பதக்கம் இருக்கும். அதில் கழுகு படமும் 'வாரண்டட் சுப்பீரியர்' என்ற சொல்லும் இருந்தால் பலர் அதையே கம்பெனிப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது 'உயர்தரத்துக்கு உத்தரவாதம்' என்ற பொதுச்சொல், பல கம்பெனிகள் அதே பதக்கத்தைப் போட்டன. டிஸ்டன் என்ற ரம்பக் கம்பெனியின் பெயர் இருந்தால் பதக்கத்து எழுத்துகளை வைத்துக் காலம் கணிக்க வழி உண்டு. மர இழைப்புளிகளில் பெரிய எழுத்தில் பல தடவை அடித்த பெயர் பெரும்பாலும் வைத்திருந்த தச்சருடையது. செய்தவர் முத்திரை ஒரே தடவை, ஒழுங்காக, முன்முகத்தின் மேல்பாதியில் இருக்கும்.

இனி மதிப்பு.

பழையது என்பதாலேயே விலை ஏறாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்பவர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். நூறு வருடம் தாண்டிய எண் 4 இன்றும் ஏராளமாகக் கைமாறுகிறது. உங்களுடையதைப் போன்ற ஒன்று, நன்றாக இருக்கும் நிலையில், லீ-நீல்சன் போன்ற இன்றைய உயர்தரக் கம்பெனியின் புது எண் 4 விற்கும் விலையில் ஒரு சிறு பங்குக்குத்தான் போகும். எடைக்குப் போடும் இரும்பைவிடப் பல மடங்கு அதிகம், அந்த இன்னொருவர் சொன்ன பெரிய தொகைக்கு வெகு தூரம். ஆனால் வேலைக்கு வாங்குகிறவர்கள் விரும்பித் தேடும் காலத்துப் பொருள் இது. வார்ப்பு நன்றாக இருக்கும், கைப்பிடி ரோஸ்வுட். ஆகவே வாங்க ஆள் இல்லாமல் போகாது.

எது பெரிய தொகைக்குப் போகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள், பெட்டியை இன்னொரு தடவை கிளறத் தோன்றும். எண் 1, வெறும் 5½ அங்குலம், உள்ளங்கையில் அடங்கும். அதன் உடம்பில் எண்ணே வார்த்திருக்காது. 'எண் 1' என்று புடைப்பாக எழுதி யாராவது விற்க வந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம். எண் 2-ம் அரிது. ஸ்டான்லியின் பெட்ராக் என்ற இன்னொரு வரிசை 602-லிருந்து 608 வரை; பெய்லி வரிசையில் அதே அளவுக்குக் கிடைப்பதைவிட நன்றாகவே அதிகம் தருவார்கள். அலுமினியத்தில் செய்த ஏ4, ஏ5 வேலைக்கு உதவாதவை, விற்றும் ஓடவில்லை, அதனாலேயே இன்று சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். நன்றாக ஓடிய சாமான் மலிவு, ஓடாத சாமான் கிராக்கி. இந்தச் சந்தை அப்படி.

நிலைமைக்கு வருவோம். முதலில் விரிசல். பிளேட்டையும் தாங்கியையும் குமிழையும் கைப்பிடியையும் கழற்றிவிட்டு, வெற்று உடம்பை விரலிடுக்கில் தொங்கவிட்டு மரத்துண்டால் லேசாகத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு மணி போல நீளமாக ஒலிக்கும். விரிசல் விட்டது 'டொக்' என்று செத்த சத்தம் போடும். சந்தேகம் வந்தால், பிளேடு அடியில் வெளியே நீட்டும் வாயின் இரு மூலைகளையும் பக்கச்சுவர்களையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும். கறுப்பு உடம்பில் தங்கநிறக் கோடு ஓடினால் எப்போதோ பற்றவைத்திருக்கிறார்கள். விரிசல் இருந்தால் உடம்புக்கு மதிப்பு இல்லை, உறுப்புகளுக்கு மட்டும்தான்.

துருவில் இரண்டு ரகம். மேலோடு நிற்கும் பழுப்புத் துரு விலையை அவ்வளவாகக் குறைக்காது. அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்த துரு, அதுவும் அடிப்பக்கத்தில் வாய்க்கு முன்னாலும் பிளேட்டின் முதுகிலும் இருந்தால், நிறையக் குறைக்கும். உள்பக்கக் கறுப்புப் பூச்சு எவ்வளவு மிச்சம் என்பதைச் சேகரிப்பவர்கள் சதவீதமாகவே பேசுவார்கள். உதிர்ந்த பூச்சு உதிர்ந்ததாகவே இருக்கட்டும். புதுக் கறுப்பு அடித்தால் எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் வாங்குபவர் நினைப்பார்.

உடைந்த கொம்பு ரொம்பச் சகஜம். கருவி கீழே விழுந்தால் முதலில் அடிபடுவது அந்த முனைதான். உடைந்த துண்டு பெட்டியின் மூலையில் கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அதைப் பத்திரமாகப் பையில் போட்டுக் கருவியோடு கொடுங்கள், நீங்களே ஒட்ட வேண்டாம். இல்லாவிட்டால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

என்ன பெறும் என்று பார்க்க, ஏல இணையதளங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஆசைக்கு யாரும் எதையும் கேட்கலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லி வடிகட்டுங்கள். அதே எண், அதே காலம், ஏறக்குறைய அதே நிலை என்று ஏழெட்டு எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதைப் பாருங்கள். அனுப்பும் செலவு அதில் சேர்ந்ததா என்பதைக் கவனிக்க வேண்டும், இரும்புக்கு எடை உண்டு. வாங்கி விற்பவரிடம் கொடுத்தால் அவர் தன் உழைப்பையும் லாபத்தையும் கழித்துத்தான் விலை சொல்வார். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். உறுப்பு உறுப்பாகப் பிரித்து விற்றால் மொத்தம் சில சமயம் கூடுதலாக வரும் என்பதும் உண்மை. உங்களுடைய இதய முத்திரை பிளேட்டைத் தனியாகவே கேட்பார்கள். முழுசாக இருக்கும் ஒரு கருவியை அப்படிக் கலைப்பது எனக்கு உவப்பில்லை, முடிவு உங்களுடையது.

வெளிநாட்டில் உள்ளவர் கேட்டால் கைப்பிடி மரத்தை யோசியுங்கள். அந்தக் காலத்து ஸ்டான்லி கைப்பிடிகளில் பிரேசில் ரோஸ்வுட் பயன்பட்டது. அந்த மரம் 1992-லிருந்து, அழியும் உயிரினங்களுக்கான சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. பழைய பொருள்தானே என்று தாளில்லாமல் எல்லை தாண்டி அனுப்பினால் சுங்கத்தில் நின்றுபோகலாம். உள்நாட்டிலேயே விற்பது நிம்மதி.

விற்கவில்லை, வைத்துக்கொள்கிறேன் என்றால், அல்லது விற்கும் முன் ஓரளவு பார்க்கும்படி ஆக்க வேண்டும் என்றால்: எழுத்துகளைப் படித்து, எல்லாப் பக்கமும் படம் எடுத்து முடித்த பிறகு, கழற்றி மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மெல்லிய இயந்திர எண்ணெய் பூசி வையுங்கள். கழற்றும்போது பின்னால் உள்ள பித்தளைச் சக்கரம் இடது மரை என்பதை நினைவில் வையுங்கள். வழக்கமான பக்கம் திருப்பினால் வராது, வரவில்லையே என்று இடுக்கியால் முறுக்கினால் பித்தளை பிய்ந்துவிடும். துரு பிடித்த திருகு எதுவானாலும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்ட பிறகு தொடுங்கள். திருகுகளை ஒரு கிண்ணத்தில் பத்திரப்படுத்துங்கள். கைப்பிடியையும் குமிழையும் பிடிக்கும் கம்பிகளின் மரை 12-20 என்ற, ஸ்டான்லி கையாண்ட தனி அளவு. ஒன்று தொலைந்தால் சாதாரணக் கடைத் திருகு அதில் ஏறாது. இன்னொரு பழைய இழைப்புளியைக் கழற்ற வேண்டிவரலாம்.

கைப்பிடியைக் கழற்றியதும் அதன் அடிப்பக்கத்தையும் உடம்பின் பக்கச்சுவரையும் ஒருமுறை டார்ச்சில் பாருங்கள். பட்டறையில் கருவி மாறிப் போகாமலிருக்க உளி முனையாலோ எழுத்து அச்சாலோ தங்கள் முதலெழுத்தைப் பொறித்து வைப்பது தச்சர்கள் வழக்கம். அங்கே தாத்தாவின் எழுத்து இருந்தால் சேகரிப்பவர் அதற்காக விலையைக் குறைத்துக் கேட்பார்.